மானைக் காட்டிக் குதிரை என்றவன்



சென்ற கிழமை இந்நிகழ்ச்சியிலே தமிழ் மரபுத்தொடர்கள் சிலவற்றைப் பற்றிப் பேசினேன். அதைக் கேட்ட மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, ஒரு மரபுத்தொடர் எந்த நாளில், எந்த இடத்தில் பிறந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியுமா? இவையெல்லாம் ஊர்வாயில் தாமாகப் பிறந்தவைதாமே?" என்பது அவரது வினா. நல்ல வினா. நமது தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு நாளும் இடமும் சொல்ல இயலாது. ஆனால் அவ்வாறு சொல்லக்கூடிய தொடர்களை ஏராளமாகக் கொண்ட மொழியொன்று உண்டு. அது சீன மொழி.

சீனத்திலே 'செங்யூ' என்று ஒருவகைத் தொடர்கள் வழங்குகின்றன. பெரும்பாலும் நான்கே எழுத்துகள். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சொல்லுக்கு நிகரானது. ஆகையால் நான்கு சொற்கள் எனக் கொள்ளலாம். அந்த நான்கு சொற்களுக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு முழுக்கதை நிற்கும். கதை தெரிந்தவருக்கே தொடர் விளங்கும். அத்தகைய தொடர் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

'ஜி லு வெய் மா' என்பது அது. 'ஜி' என்றால் சுட்டிக்காட்டுதல். 'லு' என்றால் மான். 'வெய்' என்றால் ஆக, என்று. 'மா' என்றால் குதிரை. மானைச் சுட்டிக் குதிரை என்று சொல்லுதல். அகராதியைப் புரட்டினால், வேண்டுமென்றே உண்மையைப் புரட்டுதல், கறுப்பை வெள்ளை என்று சாதித்தல் என்று பொருள் போட்டிருக்கும்.

இதைக் கேட்டதும் நமக்கு 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல்' நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் பல காலம் எண்ணியிருந்தேன். கதையின் மூலத்தைப் படித்த பிறகே வேறுபாடு புலப்பட்டது. பூசணிக்காயை மறைப்பவன் பிறர் அதைக் காணக்கூடாது என்று விரும்புகிறான். மானைக் குதிரை என்றவனோ எதையும் மறைக்கவில்லை. சபை நடுவே, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, மானைக் கொண்டுவந்து நிறுத்தினான். அது மான் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதே அவன் விருப்பம். ஏன் என்பதைக் கதையிலே காண்போம்.

கி.மு. 221 இல் சீன தேசத்தின் ஆறு அரசுகளையும் வென்று ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவன் சின் ஷி ஹுவாங். முதற் பேரரசன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். அவன் கி.மு. 210 இல் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட பயணத்திலே, வழியில் இறந்து போனான். உடன் சென்றவர்களில் மூவர் முக்கியமானவர்கள்: முதன்மந்திரி லீ ஸி, பேரரசனின் இளைய மைந்தர்களில் ஒருவனான ஹூஹாய், அரண்மனை அதிகாரி ஜாவ் காவ்.

பேரரசன் தன் மூத்த மகன் ஃபூசூவுக்கு எழுதிய மடல் ஜாவ் காவின் கையில் இருந்தது. அதை அவன் அனுப்பவில்லை. லீ ஸியை அச்சுறுத்தியும் ஆசைகாட்டியும் தன் பக்கம் இழுத்தான். ஃபூசூ தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று பொய்யாணை எழுதப்பட்டது. தந்தையின் கட்டளை என நம்பி ஃபூசூ உயிர் துறந்தான். அதுவரை பேரரசன் இறந்த செய்தி வெளிவராதபடி மூடிய வண்டியிலே பிணம் பயணம் செய்தது. வேளா வேளைக்கு உணவும் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. கோடை வெயிலில் நாற்றம் எழுந்தபோது, அதை மறைப்பதற்காகக் கருவாட்டை வண்டிகளில் ஏற்றி உடன் அனுப்பினார்கள். ஹூஹாய் இரண்டாம் பேரரசன் ஆனான்.

இந்த ஜாவ் காவ் யார்? அவன் அண்ணகன் என்பது வழிவழி வந்த செய்தி. இக்கால அறிஞர் சிலர் அதை மறுக்கின்றனர். அது நிற்க. அவனைப் பற்றிய மூன்று செய்திகள் நமது தொடருக்கு முக்கியமானவை. ஒன்று, அவன் அரண்மனை வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்தவன். குதிரை எது என்பது அந்தச் சபையிலே வேறெவரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இரண்டு, அவன் சட்டம் கற்றவன். ஹூஹாய்க்குத் தண்டனைச் சட்டம் கற்பித்த ஆசான். மூன்று, சீன எழுத்துமுறை ஒழுங்குபடுத்தப்பட்ட அக்காலத்திலே, எழுத்துப் பாடநூல் ஒன்றை எழுதியவனும் அவனே என்று பழைய நூல்கள் கூறுகின்றன. குதிரையும் தெரியும், சட்டமும் தெரியும், சொல்லும் தெரியும். இம்மூன்றையும் அவன் பின்னர் ஒரே நாளில் பயன்படுத்தினான்.

ஆனால் அந்த நாள் திடீரென வந்துவிடவில்லை. அதற்கு முன்பே சபை பழக்கப்பட்டுவிட்டது. கி.மு. 209 இல் கிழக்கே பெருங்கலகம் மூண்டது. அங்கிருந்து திரும்பிய தூதன் ஒருவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். இளம் பேரரசன் சினந்து அவனை விசாரணைக்கு அனுப்பினான். அடுத்து வந்த தூதன், அவர்கள் வெறும் கொள்ளையர், அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள், கவலை வேண்டாம் என்றான். பேரரசன் மகிழ்ந்தான்.

இன்னொரு நாள், அறிஞர் முப்பது பேருக்கு மேல் அழைக்கப்பட்டு, கலகம் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. உடனே படை அனுப்ப வேண்டும் என்றார்கள். பேரரசனின் முகம் மாறியது. அப்போது ஷூசுன் தோங் என்ற அறிஞர் முன்வந்து, இவர்கள் எலி போன்ற சிறு திருடர்கள், பேசுவதற்கே தகுதியற்றவர்கள் என்றார். பிறகு ஒவ்வொருவரையும் பேரரசன் தனித்தனியே கேட்டான். கலகம் என்றவர்கள் விசாரணைக்கு அனுப்பப்பட்டார்கள். ஷூசுன் தோங்குக்கு இருபது சுருள் பட்டும் ஓர் ஆடையும் பரிசாகக் கிடைத்தன. வெளியே வந்து, ஏன் இப்படி முகத்துதி செய்தீர் என்று தோழர்கள் கேட்டபோது, புலிவாயிலிருந்து தப்பியதே பெரிது என்று சொல்லிவிட்டு அவர் ஊரைவிட்டே ஓடிப்போனார்.

அடுத்து லீ ஸியின் முறை வந்தது. பொய்யாணையில் கைகோத்த அந்த முதன்மந்திரியை, அரச துரோகி என்று ஜாவ் காவ் சிறையில் இட்டான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். தாங்கமாட்டாமல் லீ ஸி செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்னர் ஜாவ் காவ் ஒரு தந்திரம் செய்தான். தன் ஆட்களுக்கே பேரரசனின் விசாரணையாளர் வேடமிட்டுப் பத்துத் தடவைக்கு மேல் சிறைக்கு அனுப்பினான். உண்மையான விசாரணை என்று நம்பி லீ ஸி உள்ளதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அடி விழுந்தது. ஈற்றிலே பேரரசனின் உண்மையான ஆள் வந்தபோது, இதுவும் பழையபடிதான் என்று எண்ணி, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். கி.மு. 208 இல் தலைநகர் சியென்யாங்கின் சந்தையிலே அவரை இடுப்பில் வெட்டிக் கொன்றார்கள். முதன்மந்திரிப் பதவி ஜாவ் காவுக்கு வந்தது.

இனி மான் வருகிறது. கி.மு. 207, எட்டாம் மாதம். பேரரசனையே அகற்றிவிட ஜாவ் காவ் எண்ணினான். ஆனால் மந்திரிகள் தன்னோடு நிற்பார்களா என்ற ஐயம் அவனுக்கு இருந்தது. ஆகவே ஒரு சோதனை வைத்தான். மான் ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்து, குதிரை என்று சொல்லிப் பேரரசனுக்குக் காணிக்கை வைத்தான். பேரரசன் சிரித்தான். முதன்மந்திரி தவறிவிட்டாரோ, மானைக் குதிரை என்கிறாரே என்று கேட்டுவிட்டு, அருகில் நின்றவர்களைப் பார்த்தான்.

சபை மூன்றாகப் பிரிந்தது. சிலர் வாய்திறக்கவில்லை. சிலர் ஜாவ் காவுக்கு இதமாகக் குதிரை என்றார்கள். சிலர் மான் என்றார்கள். மான் என்றவர்களின் பெயர்களை ஜாவ் காவ் மனத்திலே குறித்துக்கொண்டான். பின்னர் ஒவ்வொருவராக, மறைவாக, சட்டத்தைக் கொண்டே அவர்களைச் சிக்கவைத்தான். கவனியுங்கள் நேயர்களே. மானை மான் என்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அப்படி ஒரு குற்றம் எந்தச் சட்டத்திலும் இல்லை. வேறு வேறு குற்றங்கள் அவர்கள்மேல் கண்டுபிடிக்கப்பட்டன. சட்டம் கற்றவனுக்கு அது பெரிய வேலையா?

இங்கேதான் நான் முன்னர் சொன்ன வேறுபாடு இருக்கிறது. அந்தச் சபையில் எவரும் ஏமாறவில்லை. குதிரை என்று சொன்னவரும் அது மான் என்று அறிவார். அவர் அறிவார் என்பதை ஜாவ் காவும் அறிவான். உண்மையென்று நம்பி ஒன்றைச் சொல்பவன் கீழ்ப்படிகிறவன் ஆகமாட்டான். பொய்யென்று தெரிந்தும் சொல்பவனே கீழ்ப்படிகிறவன். ஆகவே இந்தத் தொடரின் உட்பொருள் பொய் சொல்லுதல் அன்று. பொய்யைச் சொல்லவைத்து ஆட்களை எண்ணிப் பார்த்தல் என்பது எனது துணிபு.

இக்கதையை நமக்கு விரிவாகத் தந்தவர் ஸீமா சியென். அவரது 'ஷிஜி' என்னும் பெருவரலாற்று நூலில் இது இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டும் ஒன்றாக இல்லை. இதுவரை நான் சொன்னது சின் அரசரின் வரலாற்றுப் பகுதியில் உள்ளது. லீ ஸியின் வரலாற்றிலே வேறு விதமாக இருக்கிறது. அங்கே அருகில் நின்ற எல்லோருமே குதிரை என்கிறார்கள். பேரரசன் சிரிக்கவில்லை; திடுக்கிடுகிறான். தனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைக்கிறான். குறி சொல்பவனை அழைத்துக் கேட்கிறான். வழிபாட்டு நோன்பில் தூய்மை குறைந்ததே காரணம் என்று அவன் சொல்ல, நோன்பு நோற்கவென்று பேரரசன் தலைநகரைவிட்டே போய்விடுகிறான்.

இவை இரண்டுக்கும் முற்பட்ட குறிப்பு ஒன்றும் உண்டு. சின் வம்சத்தின்பின் வந்த ஹான் வம்சத்தின் முதல் அரசனுக்காக லூ ஜியா என்ற அறிஞர் எழுதிய நூலிலே அது காணப்படுகிறது. அந்நூல் நிகழ்ச்சி நடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. அதன்படி ஜாவ் காவ் மானை வண்டியிலேயே பூட்டி ஓட்டிவருகிறான். மந்திரிகளில் பாதிப்பேர் மான் என்கிறார்கள், பாதிப்பேர் குதிரை என்கிறார்கள். அரசன் தன் கண்ணை நம்பாமல் பிறர் சொல்லை நம்பினான் என்பது லூ ஜியா காணும் குற்றம். மானும் குதிரையும் யாருக்கும் தெரிந்தவை, அதிலேயே இப்படியென்றால் மறைவான காரியங்களில் என்ன கதி என்று அவர் கவலைப்படுகிறார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நிகழ்ச்சி சொல்லச் சொல்ல எப்படி ஆழம் பெற்றது என்பது தெரிகிறது. மந்திரிகளின் அச்சத்தில் தொடங்கிய பொய், அரசனின் புத்தியையே கலக்குவதில் முடிகிறது. தன்னைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் ஒன்றைச் சொல்லும்போது, தன் கண்ணையே நம்பாமற் போவது பேரரசனுக்கு மட்டும் நேர்வது அன்று.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஜாவ் காவின் மருமகன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரரோடு பேரரசனின் மாளிகையினுள் புகுந்தான். பேரரசனின் பக்கத்தில் பணியாளன் ஒருவன் மாத்திரமே எஞ்சி நின்றான். நிலைமை இவ்வளவு மோசமானதை ஏன் முன்னமே எனக்குச் சொல்லவில்லை என்று பேரரசன் அவனைக் கேட்டான். சொல்லாததால்தான் இன்றுவரை உயிரோடு இருக்கிறேன், சொல்லியிருந்தால் என்றைக்கோ கொல்லப்பட்டிருப்பேன் என்று அவன் பதில் சொன்னான். இந்தத் தொடரின் கதையிலே என் மனத்தை மிகவும் தொட்ட இடம் இது. பேரரசன் பின்னர் ஒரு மாவட்டத்தையாவது தரும்படி கேட்டான். அது மறுக்கப்பட, ஒரு பிரபுவாக வாழ விடும்படி கேட்டான். அதுவும் மறுக்கப்பட, மனைவி மக்களோடு சாதாரண குடிமகனாக வாழ விடும்படி கேட்டான். எதுவும் கிடைக்கவில்லை. தற்கொலை செய்துகொண்டான்.

ஜாவ் காவ் அரச முத்திரையை எடுத்துத் தானே அணிந்து பார்த்தான். எந்த மந்திரியும் அவன் பின்னால் வரவில்லை என்று லீ ஸியின் வரலாறு கூறுகிறது. மானைக் குதிரை என்று சொன்னவர்கள், அவனை அரசன் என்று சொல்ல வரவில்லை. வேறு வழியின்றி அரச குடும்பத்து ஸீயிங்கை அவன் அரியணையில் ஏற்ற முனைந்தான். ஸீயிங் நோய் என்று படுத்துக்கொண்டு, தன்னை அழைக்க வந்த ஜாவ் காவைக் கொல்வித்தான். ஆயினும் காலம் கடந்துவிட்டது. நாற்பத்தாறு நாள் ஆட்சியின் பின், கி.மு. 206 இல், ஸீயிங் கழுத்திலே கயிற்றைக் கட்டிக்கொண்டு, வெண்குதிரை பூட்டிய வண்டியில் வந்து லியூ பாங்கிடம் சரணடைந்தான். இம்முறை வந்தது உண்மையான குதிரைதான். பின்னர் வந்த சியாங் யூ அவனைக் கொன்று, சியென்யாங்கின் மாளிகைகளைக் கொளுத்தினான். தீ மூன்று மாதம் அணையவில்லை என்பர்.

இது அப்படியே நடந்ததா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஸீமா சியென் எழுதியது நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. 2009 ஆம் ஆண்டு பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த பழைய மூங்கிற் சுவடிகளில் இதே காலத்தைப் பற்றிய நூலொன்று இருந்தது. அதிலே ஹூஹாய் தந்தையின் சம்மதத்தோடுதான் அரசனானான். ஜாவ் காவைக் கொன்றவனும் வேறொருவன். ஆகவே சம்பவங்களில் ஐயம் இருக்கலாம். ஆனால் இப்படியொரு கதை மக்கள் மனத்தில் ஏன் இரண்டாயிரம் ஆண்டு நிலைத்தது என்பதில் ஐயம் இல்லை.

அது எவ்வாறு பழகியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே, ஹான் பேரரசன் ஜாங்கின் மைத்துனன் தோ சியென், இளவரசி ஒருத்தியின் தோட்டத்தை அற்ப விலைக்கு அபகரித்தான். இளவரசி பயத்தால் வாய்திறக்கவில்லை. பேரரசன் அவ்வழியே போனபோது இது யாருடைய தோட்டம் என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்களை உண்மை சொல்லவிடாது தோ சியென் அடக்கினான். பின்னர் உண்மை தெரிந்ததும், இது மானைக் குதிரை என்ற ஜாவ் காவின் செயலுக்கு எவ்வகையில் குறைந்தது என்று பேரரசன் மைத்துனனைச் சினந்தான்.

யப்பானிய மொழியிலே மூடனைக் குறிக்கும் 'பாக்கா' என்ற சொல்லைக் குதிரை, மான் ஆகிய இரு எழுத்துகளால் எழுதுவார்கள். இக்கதையிலிருந்தே அச்சொல் வந்தது என்பது அங்கு பலரும் சொல்வது. மொழியறிஞர் பலரோ, அது நாமும் அறிந்த 'மோகம்' என்ற வடசொல்லின் வழிவந்தது என்றும், எழுத்துகள் பின்னர் ஒட்டிக்கொண்டவை என்றும் கருதுகின்றனர். கொரியாவிலே, 2014 ஆம் ஆண்டைக் குறிக்கும் மரபுத்தொடராகப் பேராசிரியர்கள் இதனையே தெரிந்தெடுத்தார்கள்.

மீண்டும் ஸீமா சியெனிடம் வருவோம். கி.மு. 99 இல் தளபதி லீ லிங் வடபுலத்தாரோடு போரிட்டுத் தோற்றுப் பிடிபட்டார். வெற்றிச் செய்தி வந்த நாட்களில் அவரை வாழ்த்திக் கிண்ணம் உயர்த்திய மந்திரிகள், தோல்விச் செய்தி வந்ததும் அவரைத் தூற்றினார்கள். தாம் அறிந்த உண்மையைப் பேரரசன் முன் சொன்னவர் ஸீமா சியென். அதற்காக அவரது ஆண்மை பறிக்கப்பட்டது. பணம் கட்டித் தப்புவதற்கு அவரிடம் வசதி இருக்கவில்லை. அந்த அவமானத்தோடு உயிர் வாழ்ந்தே ஷிஜியை எழுதி முடித்தார். மான் என்றவர்களுக்கு நேர்ந்ததை அவர் எழுதியபோது எங்கோ கேட்ட கதையாக மட்டும் எழுதியிருக்கமாட்டார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இளமையில் நான் ஒரு கந்தோரில் இலிகிதனாக இருந்தேன். அங்கே களஞ்சியத்தின் கூரை ஒழுகி அரிசி மூட்டைகள் பழுதாகிவிட்டன. நானும் போய்க் கண்ணால் பார்த்தேன். மாத முடிவுக் கூட்டத்திலே மேலதிகாரி, மூட்டைகள் யாவும் நல்ல நிலையில் உள்ளன என்று அறிக்கையை வாசித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். களஞ்சியக் காப்பாளர் மட்டும் எழுந்து, இல்லை ஐயா, பழுதாகிவிட்டன என்றார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அவருக்குத் தூர இடத்துக்கு மாற்றம் வந்தது. வரவுப் புத்தகத்தில் பிந்தி ஒப்பமிட்டார் என்பது காரணம். பிந்தி ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் புறப்பட்ட நாளில் பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "தம்பி, நீரும் அண்டைக்குக் களஞ்சியத்துக்கு வந்து பாத்தனீர்தானே?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். அந்த ஓமைக் கூட்டத்தில் சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே, கடிதம் எழுதிய மாணவிக்கு எனது பதில் இது. இந்தத் தொடர் பிறந்த ஆண்டு கி.மு. 207. பிறந்த இடம் சியென்யாங் அரண்மனை. அதைப் பிறப்பித்தவன் ஜாவ் காவ் என்றுதான் எல்லா நூல்களும் சொல்லும். ஆனால் மான் நின்ற சபையிலே பேசாமல் நின்றவர்களுக்கும் அதிலே பங்கு உண்டு. அவர்களது பெயர் ஒன்றையேனும் வரலாறு குறித்து வைக்கவில்லை.

அடுத்த கிழமை வேறொரு தொடரோடு சந்திப்போம். வணக்கம்.